கதை பெற்ற கதை – 14: அந்தப் பையன் பேர் என்ன?

போன வாரம் வ.வே.சு. ஐயரின் அரசமரக் கதையைத் தாகூரின் படித்துறைக் கதை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம். புதிதாக வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம், செகாவின் ஒரு கதையை கேதரின் மான்ஸ்ஃபீல்ட் ஏறக்குறைய அப்படியே தூக்கிக்கொண்டு வந்த விவகாரம் என்று சொல்லியிருந்தேன். சொல்கிறேன். செவ்வாய் சாயங்காலத்துக்குள் கட்டுரை போயாக வேண்டும். மான்ஸ்ஃபீல்டுக்காக ஞாயிற்றுக்கிழமை செகாவைப் புரட்டப் போனவன், அவருடைய மரணப் படுக்கை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

1904 ஜூலை. ஜெர்மனியில் பாடன்வைலர் என்ற ஊர். காசம் முற்றிப்போன செகாவ், மனைவி ஓல்காவோடு ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார். வயது 44. நள்ளிரவில் மூச்சு முட்டி விழித்தவர், டாக்டரைக் கூப்பிடு என்கிறார். அதே விடுதியில் இருந்த ரஷ்ய மாணவர் ஒருவர் ஓடிப்போய் அழைத்து வருகிறார். செகாவும் டாக்டர்தானே, தன் நிலைமை அவருக்குத் தெரியாதா? வந்தவரிடம், சாகப்போகிறேன் என்று ஜெர்மன் மொழியிலேயே சொல்லிவிடுகிறார். டாக்டர் கற்பூர ஊசி போட்டுப் பார்க்கிறார். பிறகு ஷாம்பெய்ன் கொண்டுவரச் சொல்கிறார். செகாவ் கோப்பையை வாங்கி, ஷாம்பெய்ன் குடித்து எவ்வளவு நாளாயிற்று என்று சொல்லிவிட்டு, நிதானமாகக் குடித்து முடித்து இடப்பக்கம் திரும்பிப் படுக்கிறார். அவ்வளவுதான். கரிய பெரிய அந்துப்பூச்சி ஒன்று விளக்கில் வந்து வந்து மோதியதையும், மிச்சமிருந்த பாட்டிலின் தக்கை திடீரென்று வெடித்துத் தெறித்ததையும் ஓல்கா பின்னால் எழுதினார்.

இனி 1987. அமெரிக்காவில் ரேமண்ட் கார்வர். மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவரின் மகன். குடியால் கிட்டத்தட்டச் செத்துப் பிழைத்தவர். சிறுகதை என்றால் செகாவ்தான் என்று வாழ்ந்தவர். செகாவின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கிறார். ஷாம்பெய்ன் வந்தது என்று இருக்கிறது. சரி, அந்த பாட்டிலை நடுராத்திரியில் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தது யார்?

வரலாற்றாசிரியனுக்கு இந்தக் கேள்வி வராது. கதைக்காரனுக்கு இதைத் தவிர வேறு கேள்வியே வராது. ‘எரண்ட்’ என்ற கதை எழுதினார். நம் வழக்கில் ‘ஏவல்’ என்று வைத்துக்கொள்ளலாம். டாக்டர் போனில் ஷாம்பெய்ன் சொல்கிறார். மூன்று கோப்பைகளோடு அரைத்தூக்கத்தில் ஒரு விடுதிப் பையன் வருகிறான். முடி கலைந்து நிற்கிறது, சீருடை கசங்கியிருக்கிறது. விடிந்ததும் அதே பையன் திரும்பி வருகிறான், இப்போது பளிச்சென்று உடுத்தி, கையில் மூன்று மஞ்சள் ரோஜா வைத்த பூச்சாடியோடு. ஓல்கா அவனை ஈமக்காரியம் செய்பவரிடம் அனுப்பப் பார்க்கிறாள். தெருவில் எப்படி நடக்க வேண்டும் என்பது வரை சொல்லித் தருகிறாள். அவன் கண்ணோ தன் ஷூ முனையருகே கிடக்கும் தக்கையின் மேல். பூச்சாடி சாயாமல் குனிந்து, பார்க்காமலே அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொள்கிறான். பத்து வருஷமாக மதுவைத் தொடாத மனிதர் எழுதிய ஷாம்பெய்ன் கதை இது.

பையன் முழுக்க முழுக்கக் கார்வரின் கற்பனை. இதுவரை எனக்கும் தெரியும். இந்த ஞாயிறு என்னைத் துள்ள வைத்தது இதற்கு அடுத்தது.

1998-இல் பிலிப் காலோ என்பவர் செகாவின் வாழ்க்கை வரலாறு ஒன்றை எழுதினார். அதில் அந்தப் பையன் வருகிறான்! கலைந்த முடி, கசங்கிய சீருடை, மூன்று கோப்பை, எல்லாவற்றோடும். கதையாக அல்ல, நடந்ததாக. செகாவின் மரணத்தைப் பற்றி யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்று வரிசையாக வைத்துப் பார்த்து இதைப் பிடித்தவர் ஜேனட் மால்கம். 2001-இல் வந்த அவருடைய செகாவ் புத்தகத்தில் இருக்கிறது. அப்பாவிடம் கதை கற்ற பிள்ளை ஒரு பொய்ச் சட்டை தைத்துக் கொடுக்க, ஊரார் அதை அப்பாவின் பழைய சட்டை என்றே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

காலோவைப் பார்த்து நான் சிரிக்க முடியாது. வருஷங்களுக்கு முன்பு ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் இதே பையனை நானும் சத்தியம் போலச் சொல்லியிருக்கிறேன். எங்கே படித்தேன் என்பது கூட அன்றைக்கு நினைவில்லை. கூட்டம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, அந்தப் பையன் பேர் என்ன?”

“தெரியலைங்க ஐயா.”

“தலைமுடி கலைஞ்சிருந்தது வரைக்கும் பாத்திருக்காங்க. பேரைக் கேக்கலையா?”

சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. செகாவின் உடல் மாஸ்கோவுக்கு வந்தது, சிப்பி ஏற்றும் குளிர்பதன ரயில் பெட்டியில். கார்க்கிக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் 1884-இல், இருபத்து நான்கு வயதில், செகாவ் ‘சிப்பிகள்’ என்றே ஒரு கதை எழுதியிருக்கிறார். மாஸ்கோத் தெருவில் பிச்சை கேட்கக் கூசி நிற்கும் அப்பா. பசியோடு பக்கத்தில் சிறுவன். எதிரே உணவகத்துச் சுவரில் ‘சிப்பிகள்’ என்ற அறிவிப்பு. சிப்பி என்றால் என்னவென்றே தெரியாத பையன் கத்த, பணக்காரர்கள் வேடிக்கைக்காக வாங்கிக் கொடுக்கிறார்கள். அவன் ஓட்டையும் சேர்த்துக் கடிக்கிறான். இந்தப் பொருத்தத்தைக் கதையில் வைத்தால் எந்த ஆசிரியரும் ‘ரொம்பச் செயற்கை’ என்று அடித்துவிடுவார்.

கார்வரின் கதை, செகாவ் உணவகத்தில் ரத்தம் கக்கும் இடத்தில் தொடங்குகிறது. அது அச்சாகிச் சில மாதங்களில் கார்வருக்கும் நுரையீரலிலிருந்து ரத்தம் வந்தது. புற்றுநோய். 1988 ஆகஸ்டில், ஐம்பது வயதில் போய்விட்டார்.

பக்கம் தீர்ந்துவிட்டது. மான்ஸ்ஃபீல்ட் வாசலிலேயே நிற்கிறார், மன்னியுங்கள். தொட்டிலாட்டும் வேலைக்காரச் சிறுமி, கண்ணை அமுக்கும் தூக்கம், செகாவ் 1888-இல் எழுதி, மான்ஸ்ஃபீல்ட் 1910-இல் மறுபடி எழுதிய அந்தக் கதை அடுத்த வாரம் கட்டாயம் வரும். 1920-இல் பழைய சிநேகிதர் ஒருவர் மான்ஸ்ஃபீல்டின் கடிதங்களைத் திருப்பித் தர நாற்பது பவுண்டு கேட்டாரே, அந்தக் கணக்கும்.

(தொடரும்)