கோடியில் ஒன்றைத் தேடும் கலை

திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காடு மலையில் தேயிலை பறித்த நம் தமிழ்த் தாய்மார்கள் நன்கறிவார்கள்: செடி நிறைய இலை இருந்தாலும் கூடைக்கு வேண்டியது இளங்கொழுந்து மட்டுமே. மனித இரத்தத்தில் நோயைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தைத் தேடுவதும் இத்தகைய வேலைதான். ஆனால் பன்மடங்கு கடினம்!

ஒரு லிட்டர் இரத்த நீரில் ஆல்புமின் என்ற புரதம் மட்டும் ஏறக்குறைய 40 கிராம் உண்டு. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் பி.எஸ்.ஏ. என்ற புரதமோ, லிட்டருக்கு 4 மைக்ரோகிராமைத் தாண்டினாலே மருத்துவர் கவனிக்கிறார். எடையில் கோடியில் ஒரு பங்கு! இதைவிட ஆயிரம் மடங்கு அரிதான புரதங்களும் உண்டு.

எப்படித் தேடுகிறார்கள்?

முதலில் ஆல்புமின் போன்ற மிகுதியான புரதங்களை நீக்குகிறார்கள். எஞ்சியவற்றை டிரிப்சின் என்ற நொதியால் துண்டுகளாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில் எடை காண்கிறார்கள். எடையைக் கொண்டு எந்தப் புரதம் என்று அறிகிறார்கள். பின்னர் நோயாளிகளையும் நலமுள்ளவர்களையும் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிடுவதற்கு, உடலில் இயல்பாக உள்ள புரதங்களின் பட்டியல் வேண்டுமல்லவா? அகிலேஷ் பாண்டே தலைமையில் பெங்களூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸ், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 2014-இல் அத்தகைய வரைபடத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. 30 வகைத் திசுக்களையும் செல்களையும் ஆராய்ந்து, 17,294 மரபணுக்களின் புரதங்களை அது இனங்கண்டது.

கண்டால் போதுமா?

போதாது. பி.எஸ்.ஏ. புற்றுநோயில் மட்டுமன்றி, வயதினால் வரும் சாதாரண வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும் உயரும். அளவு குறைவாக இருந்தும் புற்றுநோய் இருக்கலாம். ஊரிலுள்ள பெற்றோருக்கு வெளியூரிலிருந்தே பணம் கட்டி, 'முழு உடல் பரிசோதனை' ஏற்பாடு செய்யும் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவும் கூடாது. நிம்மதி அடையவும் கூடாது. மருத்துவரிடம் காட்டிப் பொருள் கேட்பதே முறை.

எளிய சோதனை ஒன்று

நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுதோறும் சிறுநீரில் ஆல்புமின் பார்ப்பது அவசியம். இரத்தத்தில் மிகுதியான அந்த ஆல்புமினே சிறுநீரில் அரிதாக இருக்க வேண்டும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமும் அதற்கு மேலும் தொடர்ந்து தென்பட்டால், சிறுநீரகம் பழுதுபடுகிறது எனலாம். கால் வீங்கும் முன்பே இது தெரிந்துவிடும். மருந்தால் கேட்டைத் தாமதப்படுத்தவும் முடியும். அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது, "சர்க்கரை எவ்வளவு?" என்பதோடு, "சிறுநீர் ஆல்புமின் பார்த்தீர்களா?" என்றும் கேளுங்கள்.