சேவூரில் மழைக்காலம்

ஐப்பசியில் அடைமழை என்பது எல்லா ஊருக்கும் பொதுவான பேச்சு. பட்டணத்தில் இருப்பவர்களுக்கு அது குடையைத் தேடும் காலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கோ, நாளைக்கு விடுமுறை உண்டா என்று வானத்தைப் பார்க்கும் காலம். ஆனால் ஆரணியை அடுத்த சேவூரில், வீட்டுக்குள்ளேயே பட்டுத் தறி வைத்துக்கொண்டு குடித்தனம் செய்யும் குடும்பங்களுக்கு மழை என்றால் சங்கதியே வேறு. அங்கே மழை கூரையோடு நிற்பதில்லை, நூலுக்குள்ளும் புகுந்துவிடுகிறது!

பட்டு பார்வைக்குத்தான் மகாராணி. ஈரத்தைக் கண்டால் ஆசையோடு உறிஞ்சிக்கொள்ளும். சாதாரண நாளிலேயே பட்டு நூலில் 11 சதவீதம் ஈரம் இருக்கலாம் என்று வியாபாரத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அடைமழையில் அது இன்னும் ஏறுகிறது. ஈரம் ஏறிய பட்டு இழைக்கு வலுக் குறைவு. பாவு தளர்கிறது, இழை அறுகிறது. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவதிலேயே பொழுது சாய்ந்துவிடும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துகிறவர்களுக்கோ, வெயில் முகம் காட்டாமல் ஒரு காரியமும் நடக்காது.

இத்தோடு போயிற்றா? குழித்தறியில் கால்மிதி இருப்பது தரைமட்டத்துக்குக் கீழே. கமண்டல நாகநதியில் வெள்ளம் வருகிறதோ இல்லையோ, நாலு நாள் விடாமல் கொட்டினால் பள்ளமான வீடுகளில் தறிக்குழிக்குள் ஈரம் ஊற ஆரம்பித்துவிடுகிறது.

கூலி இல்லாத ஓய்வு

உத்தியோகஸ்தர்களுக்கு மழைநாள் லீவு என்றால் சம்பளம் போகாது. நெசவுக் கூலி அப்படி அல்ல; அது சேலைக் கணக்கு. சேலை இறங்கினால் கூலி. தறி நின்றால் அன்றைக்கு வரவு கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தீபாவளியும் இதே ஐப்பசியில்தான் வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண முகூர்த்தம் கிடையாது. ஆகவே பட்டுக்குப் பெரிய கிராக்கி தீபாவளியையும், ஆவணி, தை போன்ற முகூர்த்த மாதங்களையும் நம்பியே இருக்கிறது. கடைக்காரர் சேலை எங்கே என்று அவசரப்படுத்தும் அதே வாரத்தில் வானமும் திறந்துகொள்ளும்! ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு என்ற கௌரவம் கிடைத்திருக்கிறது. ஆனாலும் மேகத்துக்கு அதெல்லாம் தெரிகிறதா?

தறி நின்ற நாளில் வீட்டில் யாருக்கு ஓய்வு என்று கேட்டால், பதில் சற்றுச் சங்கடமானது. தறியில் உட்காருகிறவருக்காவது கைகாலை நீட்டச் சந்தர்ப்பம் உண்டு. தார் சுற்றி, இழை பிணைத்து, சமைத்து, பிள்ளைகளைக் கவனிக்கும் இல்லத்தரசிக்கு மழை நாளில் வேலை இரட்டிப்பு. துணி காயாது, வீட்டில் எல்லோரும் இருப்பதால் அடுப்பும் அணையாது. 2019-20-இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் பெண்கள். ஆனால் சேலைக்குக் கூலி எண்ணும்போது, தார் சுற்றிய கைக்கென்று தனியாக எண்ணுகிற வீடு எத்தனை?

மல்லாட்டையும் மாவளியும்

இத்தனை கவலைக்கு நடுவிலும் மழைக்காலத்துக்கென்று சில சந்தோஷங்கள் உண்டு. அவற்றுக்குச் செலவும் அதிகம் இல்லை.

முதலாவது மல்லாட்டை. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்தது ஐப்பசி வாக்கில் பறிப்புக்கு வரும். மண்ணைக் கழுவி, ஓட்டோடு உப்புப் போட்டு அவித்து, கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உரித்துத் தின்பதற்கு ஈடு ஏது? கடலைப் பருப்பில் ஏறக்குறைய கால் பங்கு புரதச் சத்து. கூலி குறைந்த வாரத்தில் குழந்தைகளுக்கு இதைவிட மலிவான போஷாக்குக் கிடைப்பது அரிது. ஒரே ஓர் எச்சரிக்கை: பூஞ்சணம் பிடித்த கடலையை, வீணாகிறதே என்று வறுத்துத் தின்ன வேண்டாம். அந்தப் பூஞ்சணத்தில் ஈரலைக் கெடுக்கும் விஷம் உண்டாகலாம். வறுத்தாலும் அது முழுவதும் போகாது.

அடுத்தது கார்த்திகைத் தீபம். திருவண்ணாமலை மலையில் ஜோதி ஏறும் மாலையில் இந்த மாவட்டத்தில் அகல் ஏற்றாத வாசல் ஏது? பொரி உருண்டை ஒரு பக்கம், சொக்கப்பனை ஒரு பக்கம். பையன்களுக்கு எல்லாவற்றையும்விட மாவளிதான் பிரமாதம். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடி செய்து, துணியில் சுருட்டி, பனை மட்டைக்கு நடுவில் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றால் சுழற்றினால் பொறிகள் வட்டமாகச் சிதறும். கடையில் வாங்கும் மத்தாப்பு இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் பட்டும் பாவும் இருக்கும் வீட்டுக்கு எட்ட நின்று சுற்றுவது நல்லது!

வைத்தியர் கேட்க வேண்டிய கேள்வி

இத்தாலி தேசத்தில் ராமஸ்ஸினி என்று ஒரு வைத்தியர் இருந்தார். தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, ‘உன் தொழில் என்ன?’ என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது அவர் சொன்ன புத்திமதி. சேவூரில் முதுகுவலி என்று வருகிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தைலம் கொடுத்து அனுப்பினால், தைலம் தீர்ந்ததும் வலி திரும்பி வந்துவிடும்.

குழியின் விளிம்பில் உட்கார்ந்து, முன்பக்கம் குனிந்து, இரு கால்களாலும் மிதித்து, கையால் நாடாவை ஓடவிட்டு, கண்ணை இழையில் நட்டு — இப்படி நாள் முழுதும் இருந்தால் இடுப்பும் முழங்காலும் கழுத்தும் முறையிடாமல் என்ன செய்யும்? அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு எட்டு நடப்பது பெரிய மருந்து. உட்காரும் பலகையின் உயரத்தை அவரவர் உடம்புக்குத் தக்கபடி மாற்றி, மேலே ஒரு மெத்தைத் துண்டு போட்டுக்கொள்ளலாம்.

தறி ஓய்ந்த மழைநாளே இந்தச் சீர்திருத்தங்களுக்கு ஏற்ற நாள். குழியில் ஊறிய நீரை அன்றன்றைக்கு இறைத்துவிட வேண்டும். தேங்க விட்டால் கொசு முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் கொசுவுக்குச் சுத்தமான தண்ணீர் கொஞ்சம் இருந்தாலே போதும். ஈரக் குழிக்கு அருகில் மின்சாரக் கம்பி தொங்கக் கூடாது. கால் விரல் இடுக்கைத் துடைத்து உலர வைத்தால் சேற்றுப்புண் அண்டாது.

வெள்ளெழுத்துக்கு வெட்கம் எதற்கு?

நாற்பது வயதைத் தாண்டினால் பெரும்பாலோருக்குக் கிட்டப் பார்வை மங்கும். அதை வெள்ளெழுத்து என்கிறோம். கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று நினைப்பார்களே என்று கண்ணை இடுக்கிக்கொண்டே நெய்கிறவர்கள் உண்டு. அஸ்ஸாமில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தேயிலைத் தொழிலாளர்கள் 751 பேரை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி 2018-இல் வெளியாயிற்று. அவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி பெறாதவர்களைக் காட்டிலும் அவர்கள் பறித்த தேயிலை சுமார் 22 சதவீதம் அதிகமாக உயர்ந்தது! கொழுந்து பறிக்கவே இவ்வளவு உதவுமானால், மயிரிழை போன்ற பட்டோடு மல்லாடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

வெளிச்சத்திலும் சிக்கனம் வேண்டாம். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரம் 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டாக உயர்ந்திருக்கிறது. தறிக்கு நேராக ஒரு நல்ல விளக்கைப் போட்டுக்கொள்ள அது தாராளம்.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால், வாசலில் கோலமும் அதன் நடுவே பூசணிப்பூவும் வந்துவிடும். வெயில் ஏற ஏறப் பாவும் விறைக்கும். தை முகூர்த்தங்களுக்காக மறுபடியும் நாடா ஓடத் தொடங்கும். அதற்குமுன் சேவூர்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக் கூலி கைக்கு வந்ததும், மற்றச் செலவுகளுக்கு முன்னால் வீட்டில் நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். தறியில் உட்காருகிறவருக்கு மட்டும் என்று நிறுத்திவிடாமல், தார் சுற்றும் அம்மாவையும் பாட்டியையும் கூடவே அழைத்துப் போங்கள்.