கொடியேறும் குட்டிக் குரங்கு
‘டாங்கி காங் ஜூனியர்’, நின்டெண்டோ, ஜப்பான்

கூண்டில் அடைபட்ட தகப்பனை மீட்கப் போகும் பிள்ளைதான் இந்த விளையாட்டின் நாயகன். காவல்காரன் மாரியோ. உலகமே பின்னாளில் கொண்டாடிய அதே மாரியோ, இங்கே வில்லன்.

1982-இல் காசு போட்டு ஆடும் எந்திரத்தில் வந்தது. 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, கூடவே வெளியான மூன்று விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. ஃபேமிகாமுக்கான இதன் அளவு வெறும் 24 கிலோபைட்!

இரு கொடிகளை இரு கையாலும் பற்றினால் குட்டி விறுவிறுவென ஏறும். இறங்குவதற்கு ஒற்றைக் கொடிதான் வேகம். எதிரே வரும் முதலைப் பொறிகளின் மேல் பழத்தைத் தட்டிவிட வேண்டும். கடைசியில் சாவிகளைச் சங்கிலி வழியே மேலே தள்ளினால் பூட்டுகள் திறக்கும். திருத்தணி மலைப்படிகளில் குரங்குகளைப் பார்த்து வளர்ந்த பள்ளிப்பட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஏற்ற இறக்கத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1990-களில் நம் ஊர்களுக்கு வந்தவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல் கருவிகள். நாம் அவற்றை ‘டிவி கேம்’ என்றோம். பல விளையாட்டுகளை ஒன்றாக அடைத்த ‘கேசட்’டுகளில் இந்தக் குட்டியும் வந்துசேர்ந்தது. கேசட்டைக் கழற்றி, ஊதி, மறுபடி செருகிய விரல்களுக்கு அதன் எடை இன்னும் நினைவிருக்கும்.