தோற்ற ஆட்டம், தோற்காத கருத்து

சதுரங்கத்தில் ஒரு சிப்பாயை எதிரிக்கு வலிந்து கொடுப்பது அறிவுடைமை ஆகுமா? 1918ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த போட்டியில் அமெரிக்க வீரர் பிராங்க் மார்ஷல் அப்படித்தான் கொடுத்தார். எதிரே அமர்ந்திருந்தவர் கியூபாவின் காப்பபிளாங்கா. 1921இல் உலகச் சாம்பியன் ஆனவர்.

ஆட்டம் ‘ஸ்பானியத் தொடக்கம்’ என்னும் முறையில் சென்றது. வெள்ளையின் பிஷப் கறுப்புக் குதிரையைக் குறிவைக்கும். அதன் வழியே, அக்குதிரை காத்து நிற்கும் நடுச் சிப்பாய்க்கு நெருக்கடி தரும். இதுவே அம்முறையின் உட்கருத்து. கறுப்புக் காய்களை ஆடிய மார்ஷல், 8ஆவது நகர்த்தலில் ராணிக்கு முன்னிருந்த சிப்பாயை இரு கட்டம் தள்ளினார். இருபுறமும் காய்கள் வெட்டுப்பட்டன. முடிவில் கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைந்தது.

பதிலுக்கு அவர் பெற்றது என்ன? காலம்! சிப்பாயை வெட்டப் போன வெள்ளை யானை தன் இடத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ராணிப் பக்கத்து யானை, குதிரை, பிஷப் மூன்றும் தொடங்கிய இடத்திலேயே நின்றன. வெள்ளை ராஜாவுக்குக் காவலாயிருந்த குதிரையும் போய்விட்டது. கறுப்புக்கோ, அந்த ராஜாவை நோக்கி வழி திறந்திருந்தது.

மார்ஷல் பாய்ந்தார். 15ஆவது நகர்த்தலில் அவருடைய குதிரை, ராஜாவின் அருகிலேயே புகுந்து ஒரு சிப்பாயை வெட்டிற்று. காப்பபிளாங்கா பதறவில்லை. தம் ராஜாவைக் கட்டம் கட்டமாக நடத்தி ராணிப் பக்கம் கொண்டு சேர்த்தார். தாக்குதல் ஓய்ந்தது. 36 நகர்த்தல்களில் வெற்றி அவருக்கே.

அப்படியானால் மார்ஷலின் கருத்தே தவறா? இங்கேதான் நிதானிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை பொய்த்தால், கொள்கை பிழையா, செய்த விதம் பிழையா என்று கேட்கிறோம் அல்லவா? சதுரங்க வீரர்களும் அவ்வாறே கேட்டனர். 11ஆவது நகர்த்தலில், தாக்குதலுக்கு உள்ளான நடுக்குதிரையை மார்ஷல் பின்வாங்கியிருந்தார். பின்னர் வந்த முறையில் குதிரை அங்கேயே நிற்கிறது. ராணிப் பக்கத்து பிஷப்புக்கு முன்னுள்ள சிப்பாய் ஒரே ஒரு கட்டம் முன்னேறி அதைத் தாங்குகிறது. அந்தச் சிறு திருத்தம் போதுமானதாயிற்று.

‘மார்ஷல் தாக்குதல்’ இன்றும் பெரிய போட்டிகளில் ஆடப்படுகிறது. 1993இல் ஷார்ட்டுடன் ஆடிய உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில், காஸ்பரோவ் தம் 8ஆவது நகர்த்தலிலேயே வேறு வழியில் திரும்பி அதற்கு இடமளிக்காமல் செய்தார்.

உங்கள் கணக்கு தவறும்போதும் தாளைக் கிழித்து எறியாதீர்கள். எந்தப் படியில் தவறிற்று என்று தேடுங்கள்.