பழைய பிக்கப்புக்கு ஆறு சிலிண்டர்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, நின்றபடி பேசி முடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. தாத்தா காலத்து பிக்கப் ஷெட்டில் கிடக்கிறது, அதில் பழைய ஆறு சிலிண்டர் என்ஜின் ஒன்றை ஏற்றலாமா என்று கேட்டீர்கள். ஏற்றலாம். நம் நாட்டு லாரிப் பட்டறைகள் ஒரு காலத்தில் இந்த வேலையில்தான் பிழைத்தன. அந்தக் கதையை முதலில் கேளுங்கள், வேலை பாதி புரிந்துவிடும்.

1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டி பூட்டத் தொடங்கியது. மறுவருஷமே செவர்லே, நாலு சிலிண்டர் விலைக்கு ஆறு சிலிண்டர் என்று சொல்லித் தன் புது என்ஜினை விற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட செவர்லே, ஃபோர்டு வண்டிகள் ஊர் ஊராகச் சரக்கேற்றப் போயின. எல்லாம் பெட்ரோல் குடிக்கும் வண்டிகள். லாரிக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்த இடத்தில் வந்ததுதான் பெர்கின்ஸ் பி6. இங்கிலாந்தில் பீட்டர்பரோ ஊரில் ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932-இல் தொடங்கிய கம்பெனியின் டீசல் என்ஜின் அது. ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில், துளை மூன்றரை அங்குலம், ஸ்ட்ரோக் ஐந்து அங்குலம், மொத்தம் 4.73 லிட்டர். பெட்ரோல் லாரியின் என்ஜினை இறக்கிவிட்டு அந்த இடத்தில் பொருத்துவதற்கென்றே சாமான்களோடு இதை விற்றார்கள். 1840-இல் சென்னையில் குதிரை வண்டி வேலையோடு தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி, 1950-களில் உரிமம் வாங்கி இதை இங்கேயே செய்தது. பம்பாய் பிரீமியர் கம்பெனியின் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளிலும் இந்த என்ஜின் வந்தது. லேலண்ட் காமெட்டும், 1954-இல் டாடா மெர்சிடிஸ் பென்ஸும் ஆறு சிலிண்டர் டீசலோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த பிறகுதான் இந்த மாற்று வேலை குறைந்தது.

ஆறு சிலிண்டருக்கு ஏன் இத்தனை மரியாதை? கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் நாலு சிலிண்டரில் நாலு வெடிப்பு, இதில் ஆறு. 120 டிகிரிக்கு ஒரு தள்ளு. 1-5-3-6-2-4 என்று முன்னும் பின்னும் மாறி மாறி வெடிக்கும். ஒன்றும் ஆறும் சேர்ந்து மேலே போகும், இரண்டும் ஐந்தும் சேர்ந்து, மூன்றும் நான்கும் சேர்ந்து. ஒரு ஜோடி ஏறும் வேகத்தை மற்ற ஜோடிகள் ஈடுகட்டிவிடுவதால் பிஸ்டன் ஓட்டத்தில் பிறக்கும் குலுக்கல் சேஸிஸுக்கு வருவதே இல்லை. நாலு சிலிண்டரில் இந்தக் கணக்கு முழுசாக நேராவதில்லை, கொஞ்சம் நடுக்கம் மிஞ்சும். சந்தேகமிருந்தால் குமராட்சிப் பக்கம் அறுப்புக்கு வரும் டயர் வைத்த பெரிய அறுவடை மெஷின் அருகில் போய் நில்லுங்கள். அவற்றில் பலவற்றில் இருப்பது அசோக் லேலண்ட் ஆறு சிலிண்டர். ஐடிலிங்கில் அதைக் கேட்டவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். எல்லாரும் முதலில் பார்ப்பது பானட்டுக்குள் இடம் இருக்கிறதா என்பதை. பார்க்க வேண்டியதுதான். ஆறு சிலிண்டர் நீளம். ரேடியேட்டர் முன்னால் தள்ளும், ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், ஸ்டியரிங் ராடு உரசும். டீசல் என்றால் கனமும் கூடும், முன் பட்டையில் ஒரு இலை சேர்க்க வேண்டிவரும். இதெல்லாம் வெல்டிங்கிலும் அளவிலும் தீர்ந்துவிடும். வேலையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது: என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில்.

கியர் பாக்ஸ் ஷாஃப்டின் நுனி, கிராங்கின் வாலில் உள்ள சின்ன பேரிங்கில் உட்காருகிறது. இரண்டின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு கம்பெனி கியர் பாக்ஸ் என்றால் நடுவே கனத்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைசல் செய்து போடுவார்கள். தகட்டை போல்ட் துளையை வைத்து மட்டும் நிறுத்தினால் போதாது. ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கிளட்ச் ஹவுசிங்கின் துளையைச் சுற்றிவரச் செய்து பார்க்க வேண்டும். முள்ளின் அசைவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் நின்றால் நல்லது. அதன் பிறகு டவல் பின் அடிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு ஓட்டினால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி உடையும், கியர் தானாகக் கழலும், பேரிங் சத்தம் போடும். அப்புறம் என்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு கணக்கு வேகம். போர்க்காலத்து செவர்லே 216 என்ஜின் 3,300 சுற்றில் 90 குதிரைத்திறன் தரும். பெர்கின்ஸ் மாதிரியான டீசல் 2,400 சுற்றுக்கு மேல் போகாது. பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் பல்சக்கரத்தை அப்படியே விட்டால், 80 கிலோமீட்டரில் போன வண்டி 58-ல் நின்றுவிடும். இழுவை இருக்கும், ஓட்டம் இருக்காது. கிரவுன் விகிதத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். 1955-க்கு முந்தைய செவர்லே பிக்கப்பில் ஜாயின்ட் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடிக் கிடப்பதால், கியர் பாக்ஸை மாற்றினாலே பின் ஆக்சில் வரை கை வைக்க வேண்டிவரும். பிரேக்குக்கு வேக்குவம் வேண்டுமென்றால் டீசலுக்குத் தனி பம்ப். மின்சாரம் 6 வோல்ட், அதை வைத்து டீசலை ஸ்டார்ட் பண்ண முடியாது.

அதனால் என் மனசுக்குப் பிடித்த வழி டீசல் அல்ல. உங்கள் வண்டி அந்த வயது செவர்லே என்றால், 216-க்குப் பதில் அதே குடும்பத்து 235-ஐத் தேடுங்கள். 216-இல் கனெக்டிங் ராடு பேரிங் உருக்கி ஊற்றிய வெள்ளை உலோகம், எண்ணெய் தெறித்துப் போய்ச் சேர வேண்டும். அதைச் சுரண்டிப் பொருத்தும் கை இன்று அரிது. 1954 முதல் வந்த 235-களில் எண்ணெய் அழுத்தத்தோடு பேரிங்குக்குப் போகும், ஷெல் பேரிங்கை மாற்றிக்கொள்ளலாம். வாட்டர் பம்ப் இடம் மட்டும் மாறும், அதற்கு ஒரு தகடு போதும். வண்டியின் குணமும் கெடாது.

சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் என்ஜின் நம்பர், சிலிண்டர் எண்ணிக்கை, சி.சி., எரிபொருள் எல்லாம் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டி, பெரிய மாற்றமில்லாமல் அசல் உருவில் இருக்கும் வண்டிக்குத்தான் பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவு. வேறு என்ஜின் ஏற்றினால் அந்தத் தகுதி போய்விடலாம்.

என்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஆர்.சி.யோடு சிதம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் எழுத்தில் கேளுங்கள். இறக்கிய பழைய என்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த நம்பர் அந்த வண்டிக்குச் சொந்தம்.