அஞ்சு குண்டா... பதினொரு குண்டா?

ஒரு பத்து நிமிஷத்துக்கு நீங்கள் அமெரிக்கக் குடிமகன். விசா, க்யூ, இன்டர்வியூ எதுவும் வேண்டாம். கற்பனைதானே!

டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறீர்கள். நம்ம ஊர் பாத்திரக் கடை மாதிரியே கண்ணாடி அலமாரி. உள்ளே டம்ளர், டவராவுக்குப் பதிலாக வரிசையாகத் துப்பாக்கிகள். கவுன்ட்டருக்குப் பின்னால் தொப்பி போட்ட ஆசாமி.

"என்ன சார் வேணும்?"

"இடுப்புல மறைச்சு வெச்சுக்கற மாதிரி சின்னதா ஒண்ணு காட்டுங்க."

"ரிவால்வரா, பிஸ்டலா?"

முழிக்கிறீர்கள்! சினிமாவில் இரண்டும் ஒன்றுதானே? வில்லன் நீட்டினாலும் துப்பாக்கி, ஹீரோ பிடுங்கினாலும் துப்பாக்கி. தோட்டா மட்டும் தீரவே தீராது.

அமெரிக்காவில் இது ஏதோ ரவுடிகளின் விவகாரம் இல்லை. டெக்ஸாஸில் 2021-லிருந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயதுக்காரர் அதைத் தனி லைசென்ஸ் இல்லாமலே எடுத்துக் கொண்டு நடமாடலாம். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதே மாதிரி சட்டம் வந்துவிட்டது. 'தகுந்த காரணம் சொன்னால்தான் லைசென்ஸ்' என்று கறாராக இருந்த நியூயார்க்கின் சட்டத்தையும் 2022-ல் சுப்ரீம் கோர்ட் அடித்துவிட்டது. ஆக, ஸ்கூல் டீச்சர், ரிட்டயர்டு தாத்தா, நைட் ஷிஃப்ட் நர்ஸ் என்று யார் வேண்டுமானாலும் அந்த கவுன்ட்டர் முன்னால் நிற்கலாம். அவர்களுக்கெல்லாம் இந்தக் கேள்வி சீரியஸ்.

சரி, ஆசாமி இரண்டையும் எடுத்துக் கண்ணாடி மேல் வைக்கிறார்.

குட்டி இட்லித் தட்டு

முதலாவது ரிவால்வர். நடுவில் உருளையாக ஒரு சிலிண்டர். அதைப் பக்கவாட்டில் திறந்தால் குட்டி இட்லித் தட்டு மாதிரி ஐந்து குழி. குழிக்கு ஒரு தோட்டா. ட்ரிக்கரை இழுத்தால் சிலிண்டர் ஒரு குழி நகரும், உள்ளே சுத்தியல் பின்னால் போய் 'டக்'கென்று விழும், குண்டு பறக்கும். ஒரு தோட்டா நமுத்துப் போய் வெடிக்கவில்லையா? கவலை வேண்டாம். மறுபடி இழுத்தால் அடுத்த குழி வந்துவிடும். யோசிக்க ஒன்றுமே இல்லை.

சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கிய சமாசாரம் இது. 1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி, போலீஸ் தலைவர்களின் மாநாட்டில் ஐந்து தோட்டா ரிவால்வர் ஒன்றை அறிமுகப்படுத்தியது. 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று பெயரே அந்தத் தலைவர்களால் வந்ததுதான். கவுன்ட்டர் மேல் இருப்பது அதன் பேரன். இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல், அலுமினிய உடம்பு, சுமார் 400 கிராம்.

குறை? ட்ரிக்கரை இழுக்க ஏறக்குறைய ஐந்து கிலோ பலம் வேண்டும். விரல் இழுக்கிற இழுப்பில் துப்பாக்கியின் மூக்கே திரும்பிவிடும். எடை குறைவு என்பதால் சுடும்போது கையில் உதைக்கும் பாருங்கள், கழுதை தோற்றது! 'சின்னத் துப்பாக்கி, பழகுவதற்கு ஈஸி' என்று நினைத்து வாங்குகிறவர்கள் முதல் நாளே உள்ளங்கையைத் தடவிக் கொள்கிறார்கள். ஐந்தும் தீர்ந்தால் காலித் தோட்டாக்களைத் தள்ளிவிட்டு, நடுங்கும் கையால் மறுபடி நிரப்ப வேண்டும்.

பெட்டிக்குள் பத்து

இரண்டாவது செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். இதில் தோட்டாக்கள் மேகஸின் என்கிற சின்னப் பெட்டியில் ஒன்றன் மேல் ஒன்றாக, பிடிக்குள் இருக்கும். மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட்டால் முதல் தோட்டா குழலுக்குப் பின்னால் இருக்கும் அறைக்குள் போய் உட்காரும். சுட்டதும், வெடித்த வேகமே ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளி, காலித் தோட்டாவை வெளியே வீசி, அடுத்ததை உள்ளே ஏற்றிவிடும். தீர்ந்தால் பெட்டியை மாற்றினால் போச்சு.

முன்பெல்லாம் பாக்கெட்டில் அடங்கும் பிஸ்டல் என்றால் குறைந்த தோட்டாதான். 2018-ல் ஸிக் ஸாவர் கம்பெனி பி-365 என்று ஒன்றைக் கொண்டு வந்தது. சுமார் 500 கிராம்தான். மேகஸினில் பத்து, அறையில் ஒன்று, ஆக மொத்தம் பதினொன்று! மற்ற கம்பெனிகளும் அந்த வழியில் இறங்கின.

இதற்கும் குறை உண்டு. மணிக்கட்டைத் தளர்வாக வைத்துக் கொண்டு சுட்டால் ஸ்லைடு முழுசாகப் போய்த் திரும்பாது. பாதியில் சிக்கிக் கொள்ளும். எடுத்துவிடப் பழகியிருக்க வேண்டும். மூட்டு வலிக்காரப் பாட்டியால் ஸ்லைடை இழுக்கவே முடியாது. அவர்களுக்காகவே ஸ்பிரிங்கை லேசாக்கித் தனி மாடல் போட வேண்டி வந்தது.

நாலைந்து நிமிஷம் மாற்றிய கதை

"போலீஸ்காரங்க எதை வெச்சிருக்காங்களோ அதையே குடுங்க" என்கிறீர்கள். நியாயம்தான். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

1986 ஏப்ரல் 11. மயாமி. பாங்க் கொள்ளைக்காரர்கள் இருவரை எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுகள் எட்டு பேர் மடக்குகிறார்கள். ஐந்து நிமிஷம்கூட நீடிக்காத சண்டை. ஏஜென்ட்டுகளில் இரண்டு பேர் மரணம், ஐந்து பேருக்குக் காயம். பெரும்பாலோரிடம் இருந்தது ரிவால்வர். கையில் குண்டடி பட்ட ஒருவரால் ரத்தம் வழிந்த ரிவால்வருக்குள் தோட்டாவை மறுபடி நிரப்ப முடியாமல் போயிற்று.

"ரிவால்வர் காலம் முடிஞ்சாச்சு" என்று எஃப்.பி.ஐ. முடிவு செய்து பிஸ்டலுக்கு மாறியது. நியூயார்க் போலீஸ் 1993-ல் மாற ஆரம்பித்தது. அங்கே பழைய ரிவால்வர்களோடு ஒட்டிக் கொண்டிருந்த கடைசிப் பேர்வழிகளும் 2018-ல் கைவிட வேண்டியதாயிற்று. இன்னொரு வேடிக்கை. பிஸ்டலின் லேசான ட்ரிக்கரில் விரல் தவறிப் பட்டுவிடக் கூடாது என்று, நியூயார்க் போலீஸ் தன் பிஸ்டல்களுக்கு ரிவால்வர் மாதிரியே கனமான ட்ரிக்கரைக் கேட்டு வாங்கியது!

மயாமி கதையில் பலரும் சொல்லாமல் விடுகிற பாதி ஒன்று உண்டு. செத்துப் போன இரண்டு ஏஜென்ட்டுகளிடமும் இருந்தது பிஸ்டல்தான். எதிராளியிடம் இருந்தது நீளமான ரைஃபிள். கடைசியில், ஒரு கை செயலிழந்த நிலையில் எட்மண்டோ மிரெலெஸ் என்கிற ஏஜென்ட், ஒற்றைக் கையால் ஷாட்கன்னைச் சுட்டு, பிறகு எழுந்து நடந்து போய்ச் சண்டையை முடித்து வைத்தார். அப்போது அவர் கையில் இருந்தது... ரிவால்வர்!

மிச்ச நேரம்?

கவுன்ட்டர் ஆசாமி சொல்லாத ஒரு கணக்கைப் பார்ப்போம். போலீஸ்காரர் துரத்திப் பிடிக்கப் போகிறவர். நீங்களோ காய்கறி வாங்கப் போகிறவர். வாங்குகிற துப்பாக்கியை ஆயுசு பூராவும் ஒரு தடவைகூட ஆபத்துக்கு வெளியே எடுக்காமலே போகலாம். ஆனால் அது தினமும் உங்கள் இடுப்பில், கைப்பையில், காரில், படுக்கை அறையில் இருக்கும். பிள்ளைகள் விளையாடும் வீட்டில் இருக்கும்.

அங்கேதான் இரண்டுக்கும் நிஜமான வித்தியாசம். ரிவால்வரைத் திறந்தால் ஐந்து குழியும் பளிச்சென்று தெரியும். காலியா, இல்லையா என்பதில் சந்தேகமே இல்லை. பிஸ்டலில் மேகஸினை உருவிவிட்டு "காலி" என்று நினைத்தவர்கள் பலர். அறைக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கும்! பத்தை எடுத்தாயிற்று, பதினொன்றாவதை மறந்தாயிற்று. துடைக்கும்போது, நண்பனிடம் காட்டும்போது... முடிந்தது கதை.

2014 டிசம்பர் 30. ஐடஹோ மாநிலத்தில் ஹெய்டன் என்கிற ஊர். ஒரு பெரிய கடையில் ஒரு அம்மா ஷாப்பிங் பண்ணிக் கொண்டிருந்தார். தள்ளுவண்டியில் இரண்டு வயது மகன். பக்கத்தில் அவருடைய கைப்பை. பைக்குள் துப்பாக்கி வைக்கத் தனி அறை. லைசென்ஸ் எல்லாம் பக்கா. குழந்தை கையை விட்டது. பிஸ்டல் வெடித்தது. அம்மா அங்கேயே இறந்து போனார்.

ரிவால்வராக இருந்தால் தப்பித்திருப்பாரோ என்று மனசு கேட்கிறது. ஐந்து கிலோ இழுப்பு இரண்டு வயது விரலுக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டத்தை நம்பிக் குழந்தை பக்கத்தில் துப்பாக்கியை வைக்க முடியுமா?

இந்தக் கவலை புதிதில்லை. 1887-லேயே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு ரிவால்வர் போட்டது. ட்ரிக்கரோடு சேர்த்துப் பிடியின் பின்பக்கத்தையும் அழுத்தினால்தான் சுடும். குழந்தைக் கைக்கு இரண்டும் ஒரே சமயத்தில் எட்டாது. துப்பாக்கியால் ஒரு குழந்தைக்கு அடிபட்டதைக் கேள்விப்பட்டு முதலாளி வெஸ்ஸன் ராத்திரி தூங்காமல் யோசித்தார் என்று ஒரு கதைகூடச் சொல்வார்கள். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும், அந்தத் துப்பாக்கி நிஜம்.

தொப்பி ஆசாமி இன்னும் காத்துக் கொண்டிருக்கிறார். "என்ன சார், அஞ்சா, பதினொண்ணா?"

மாதா மாதம் போய்ச் சுட்டுப் பழக நேரம் இருக்கிறதா? ஸ்லைடை இழுக்கக் கையில் தெம்பு இருக்கிறதா? சிக்கினால் சரி பண்ணத் தெரியுமா? 'ஆமாம்' என்றால் பதினொன்று. பழக்கமே இல்லாமல் ஒரு மூலையில் கிடக்கப் போகிறது என்றால் ஐந்தே நிறைய. அதற்கும் முன்னால், ட்ரிக்கரை முழுசாக மூடுகிற ஒரு நல்ல உறை, பூட்டு உள்ள ஒரு இரும்புப் பெட்டி, இவற்றின் விலையைக் கேளுங்கள்.

"வீட்டில் குழந்தைகள் உண்டா?" என்று அவர் உங்களைக் கேட்காவிட்டால், நீங்களே உங்களைக் கேட்டுக் கொள்ளுங்கள். பதில் வரும்வரை இரண்டும் கண்ணாடி அலமாரிக்குள்ளேயே இருக்கட்டும்!