துய்னா: உடம்பை ஒப்படைக்கும் முன்

அமுக்குதல், உருட்டுதல், மூட்டை இழுத்துத் திருப்புதல் எனக் கையாலேயே செய்யும் சீனப் பாரம்பரிய வைத்தியம் துய்னா. சீன மருத்துவமனைகளில் இதற்குத் தனித்துறையே உண்டு. கீழ்முதுகு வலிக்கு மசாஜ் எவ்வளவு உதவுகிறது என்று ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு (2015), குறுகிய காலத்துக்கு வலி குறையலாம், ஆனால் சான்றுகள் வலுவானவை அல்ல என்றது. சர்க்கரை நோயையும் ரத்தக் கொதிப்பையும் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு இந்தச் சான்று துணைநிற்காது. வலிக்கு ஆறுதல் தருவது வேறு, நோயைக் குணப்படுத்துவது வேறு. இந்த வேறுபாட்டில்தான் வாடிக்கையாளரின் உரிமை தொடங்குகிறது.

சீன அரசே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. மருத்துவ நிறுவனம் அல்லாத மசாஜ் கடைகள் ‘சிகிச்சை’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 2005இல் அறிவித்தது. தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் சீன மருத்துவர்களும் குத்தூசி வைத்தியர்களும் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். துய்னா மட்டும் செய்பவருக்கு அப்படியொரு பதிவேடு கிடையாது. மசாஜ் நிலையத்துக்குக் காவல்துறை தரும் உரிமம் கடை நடத்துவதற்கான அனுமதியே தவிர, கைத்திறனுக்கான சான்று அல்ல.

நூற்றாண்டுகளாக நிலைத்த முறைக்குச் சான்று எதற்கு என்று கேட்கலாம். பழமை நம்பிக்கையைத் தரும். ஆனால் எந்த உடம்புக்கு எது ஆகாது என்பதை அது சொல்லாது. எலும்புத் தேய்மானம் உள்ளவருக்கு அழுத்தத்தால் முறிவு வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவருக்கு உள்ளே ரத்தம் கசியலாம். காலில் ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். கழுத்தைச் சட்டெனத் திருப்பும்போது தமனி கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம்தான். ஆனால் விளைவு மீள முடியாததாக இருக்கலாம் என்பதால், அபூர்வம் என்பதே அதை மறைக்கக் காரணமாகாது. வலித்தால்தான் குணமாகும் என்ற பேச்சும் ஆதாரமற்றது. பாதியில் நிறுத்தச் சொல்வது உங்கள் உரிமை.

சிங்கப்பூரில் பதிவுபெற்ற சீன மருத்துவர் தவறு செய்தால் அவரைப் பதிவுசெய்த வாரியத்திடம் முறையிடலாம். முன்பணம் வாங்கிய தொகுப்பு பற்றிய தகராறு என்றால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்; 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ரசீது, விளம்பரம், மருத்துவ அறிக்கை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மசாஜுக்குப் பின் கை கால் மரத்துப்போனாலோ, பேச்சுக் குழறினாலோ, மூச்சுத் திணறினாலோ புகாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.